உர லைசென்ஸை நிறுத்திவிட்டார்களா? ஆய்வு நாளிலிருந்து உயர் நீதிமன்றம் வரை கடைக்காரர் செய்ய வேண்டியவை

சம்பா நடவு முடிந்து முதல் மேலுரத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த அக்டோபர் மாதத்தில் என் கடையின் உர விற்பனையை நிறுத்தினார்கள். மறுபடி ஒரு மூட்டை யூரியாவுக்கு பில் போட ஏழு மாதம் ஆயிற்று. அதில் பாதிக் காலம் எனக்குச் சட்டம் தெரியாததால் போனது. எந்தத் தேதியிலிருந்து நாள் எண்ண வேண்டும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்முன் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. தமிழ்நாட்டில் உரம், பூச்சிமருந்து, விதை விற்கும் சின்னக் கடைக்காரர்களுக்காக, அதிலும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது உங்கள் கையில் சரியான காகிதங்கள் இருக்க வேண்டும்.

1. எந்த லைசென்ஸ், எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

நம் கடை ஒன்றுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மூன்று கடை. உரத்துக்கு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985. பூச்சிமருந்துக்கு, பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968. விதைக்கு, விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 1983. நிறுத்தும் அதிகாரம், மேல்முறையீட்டுக் கெடு, யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் மூன்றிலும் தனித்தனி. தமிழ்நாட்டில் விதைக்கு அலுவலகமே வேறு. விதை ஆய்வுத் துணை இயக்குநர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

கையில் வந்த உத்தரவில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைச் சிவப்பு மையால் கோடிட்டு வையுங்கள். உர ஆணையின் கீழ் வந்த உத்தரவு உர விற்பனையை மட்டுமே நிறுத்தும். மருந்தும் விதையும் விற்க அது தடையாகாது. என் கடையில் அன்றைக்கு ஷட்டரையே இறக்கச் சொன்னார்கள், நானும் இறக்கினேன். பன்னிரண்டு நாள் மருந்து விற்பனையும் போனது. "எந்த உத்தரவின்படி மற்ற இரண்டையும் மூட வேண்டும்?" என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அந்த இழப்பு வந்திருக்காது.

2. ஆய்வு நடக்கும் அந்த ஒரு மணி நேரம்

பிறகு கோர்ட்டில் நிற்கும் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் இந்த ஒரு மணி நேரத்தில்தான் போடப்படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வாளர் பெரும்பாலும் பார்ப்பது நான்கு விஷயம்: இருப்பு மற்றும் விலைப் பலகை எழுதியிருக்கிறதா, வாங்கியவருக்கு ரசீது கொடுத்திருக்கிறதா, இருப்புப் பதிவேடு அன்றைய தேதி வரை எழுதியிருக்கிறதா, பி.ஓ.எஸ். கருவி (மானிய உர விற்பனையை வாங்குபவரின் கைரேகையோடு பதியும் மின்னணுக் கருவி) காட்டும் இருப்பும் குடோனில் உள்ள மூட்டையும் ஒத்துப்போகிறதா. இவை தவிர, 45 கிலோ யூரியாவை 266 ரூபாய் 50 காசுக்கு மேல் விற்றதாகவோ, யூரியா கேட்டவர் தலையில் வேறு பொருளைக் கட்டியதாகவோ புகார் வந்திருந்தால் அதைப் பற்றியும் கேட்பார்கள்.

என் கடையில் கருவி 126 மூட்டை காட்டியது, குடோனில் 112 இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் சர்வர் கிடைக்கவில்லை. மழை வருவதற்குள் எடுத்துப்போக வேண்டும் என்று இரண்டு விவசாயிகள் மன்றாடினார்கள். ஒருவருக்கு எட்டு, இன்னொருவருக்கு ஆறு. நாற்பது பக்க நோட்டில் பெயர், மூட்டை எண்ணிக்கை, ஆதாரின் கடைசி நான்கு எண் எல்லாம் எழுதி, காலையில் வந்து கைரேகை வைக்கச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது. கருவியில் ஏற்றாமல் மூட்டையை வெளியே விட்டது தவறுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நோட்டைக் காட்டியும் மகஜரில், அதாவது ஆய்வில் கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளில், அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. "14 மூட்டை குறைவு" என்று மட்டும் எழுதி, "கையெழுத்துப் போடுங்கம்மா, சும்மா நடைமுறைதான்" என்றார்கள். போட்டுவிட்டேன்.

அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கையெழுத்தை மறுக்காதீர்கள். மறுத்தால் அதுவே ஒரு குற்றச்சாட்டாகலாம். கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள்: "சர்வர் இல்லாததால் 14 மூட்டை நோட்டில் பதிந்து கொடுக்கப்பட்டது. நோட்டு ஆய்வாளரிடம் காட்டப்பட்டது." தேதி, நேரம் போடுங்கள். மகஜரின் நகலை அங்கேயே கேளுங்கள், தராவிட்டால் செல்போனில் படம் எடுங்கள். நோட்டு, பதிவேடு, ரசீதுப் புத்தகம் எதை எடுத்துப்போனாலும் கடைசியாக எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, எந்தப் பக்க எண் வரை எழுதியிருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு ஒப்புகை வாங்குங்கள். கருவி வேலை செய்யாத நாட்களில் அதன் திரையையும் மணி தெரியப் படம் எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும். எனக்கு அன்றைக்கு அது இல்லை.

3. நிறுத்திவைப்பு உத்தரவு வந்த நாள்: 15 நாள் கணக்கு

உர ஆணையின் 31-வது பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். லைசென்ஸை ரத்து செய்வதற்கோ வணிகத் தடை (உர வியாபாரமே செய்யக் கூடாது என்ற உத்தரவு) விதிப்பதற்கோ முன்னால் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குற்றச்சாட்டு நிரூபணமானால் தடை விதிக்கும் அளவுக்குப் பெரியது என்றால், முன்னறிவிப்பே இல்லாமல் இடைக்காலமாக நிறுத்திவைக்கலாம். நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இந்த உத்தரவுதான்.

ஆனால் அப்படி நிறுத்தினால் என்ன மீறல் என்ற விவரத்தை உடனே உங்களுக்குத் தர வேண்டும். உங்களை விசாரித்து, நிறுத்திவைப்பு உத்தரவு போட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். போடாவிட்டால் நிறுத்திவைப்பு தானாக நீங்கியதாகக் கருதப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனக்கு வந்த தாளில் "மறு உத்தரவு வரும் வரை" என்று இருந்தது. நானும் மறு உத்தரவுக்காகக் காத்திருந்தேன். 16-வது நாளே எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டியவள், 41 நாள் உட்கார்ந்திருந்தேன்.

16-வது நாள் காலையில் ஒரு கடிதம் கொடுங்கள். உத்தரவு எண், தேதி, 15 நாள் முடிந்த தேதி, இறுதி உத்தரவு வரவில்லை என்ற விவரம், 31-வது பிரிவின்படி நிறுத்திவைப்பு நீங்கிவிட்டதால் பி.ஓ.எஸ். ஐடியை (கருவியில் பில் போட உங்கள் கடைக்குத் தந்த எண்) திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. நிறுத்திவைப்பு நீங்கிவிட்டது என்று எண்ணிக் கருவி இல்லாமல் கைபில்லில் மானிய உரத்தை விற்காதீர்கள். அது புது மீறலாகிவிடும். இன்னொன்று, நிறுத்திவைப்பு நீங்கினாலும் மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடவில்லை. எனக்கு 41-வது நாள் வணிகத் தடை உத்தரவே வந்தது. ஆகவே கடிதம் கொடுத்த கையோடு அடுத்த கட்டத்துக்கான பதிலையும் தயார் செய்யுங்கள்.

4. விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்குப் பதில்

நோட்டீஸில் ஏழு நாள், பத்து நாள் என்று கெடு இருக்கும். ஆவணம் கையில் இல்லாமல் பதில் எழுத முடியாது என்றால், கெடு முடிவதற்கு முன்பே "மகஜர் நகல், புகார் நகல், ஆய்வறிக்கை நகல் தாருங்கள், கிடைத்ததிலிருந்து இத்தனை நாளில் பதில் தருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அதே ஆவணங்களைக் கேட்டு வையுங்கள். அதற்கு 30 நாள் ஆகும். இந்தப் பதிலுக்கு உதவாவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு உதவும்.

பதிலைக் குற்றச்சாட்டு வாரியாக எழுதுங்கள். நான் முதலில் எழுதிய பதில் முழுக்க மன்னிப்பும் குடும்பக் கஷ்டமும்தான். "தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது" என்ற ஒரே வரியை எடுத்து, "தவறை ஒப்புக்கொண்டுள்ளார்" என்று உத்தரவில் போட்டுக்கொண்டார்கள். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் தனியாகக் கிரிமினல் வழக்கும் போட முடியும். அங்கேயும் இந்தத் தாளே போய் நிற்கும். அதனால் நடந்ததை நடந்தபடி, தேதி, எண்ணிக்கை, இணைப்பு எண் சேர்த்து எழுதுங்கள். பொய் ஒரு வரிகூட வேண்டாம். அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இணைக்க வேண்டியவை: லைசென்ஸ் நகல், மொத்த வியாபாரியின் இன்வாய்ஸ்கள், சரக்கு வந்த நாளின் பதிவேட்டுப் பக்கம், கருவியின் விற்பனை அறிக்கை, சரக்கு வாங்கிய விவசாயிகளின் கையெழுத்திட்ட வாக்குமூலம். என்னுடைய இரண்டு விவசாயிகளும் வந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் வயலிலிருந்து நேரே வந்ததால் தாளின் ஓரத்தில் சேற்று விரல் தடம் இருந்தது. புதுத் தாளில் எழுதலாம் என்றேன். "இருக்கட்டும், இதுதான் சாட்சி" என்றார்.

பதிலின் கடைசிப் பத்தியில் இதை மறக்காமல் சேருங்கள்: "இறுதி முடிவு எடுக்கும் முன் என்னை நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்." பிறகு உயர் நீதிமன்றத்தில் என் வழக்கு நின்றதே இந்த ஒரு வரியின் மேல்தான்.

5. மாதிரி தரமில்லை என்று வந்தால்

இது வேறு வகை வழக்கு, கெடுக்களும் வேறு. உர மாதிரி எடுத்தால் மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஆய்வகத்துக்கு 7 நாளில் போக வேண்டும், ஆய்வகம் 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 15 நாளில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எங்கேயாவது தாண்டியிருந்தால் பதிலில் சொல்லுங்கள். முடிவில் உடன்பாடு இல்லை என்றால் அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் இன்னொரு ஆய்வகத்தில் மறு ஆய்வு கேளுங்கள்.

பூச்சிமருந்தில் இன்னும் கவனம் தேவை. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, ஆய்வறிக்கை கிடைத்த 28 நாளுக்குள் "இதை எதிர்த்துச் சாட்சியம் தர விரும்புகிறேன்" என்று ஆய்வாளருக்கோ கோர்ட்டுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த அறிக்கையே முடிந்த முடிவான சாட்சியமாகிவிடும். தெரிவித்தால் மாதிரியைக் கோர்ட் வழியாக மத்தியப் பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

அதே சட்டத்தின் 30-வது பிரிவு சில்லறைக் கடைக்காரருக்குக் கவசம் போன்றது. லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கியது, நியாயமான கவனத்தோடு பார்த்தும் குறை தெரிய வாய்ப்பில்லை, வாங்கிய நிலையிலேயே முறையாக வைத்திருந்தேன் என்ற மூன்றையும் காட்டினால் தப்பலாம். இதற்கு வேண்டியது இன்வாய்ஸ், அதில் பேட்ச் எண், உடையாத மூடி. பேட்ச் எண் எழுதாத இன்வாய்ஸை இனி வாங்காதீர்கள்.

6. குடோனில் கிடக்கும் சரக்கு

உரத்தில் ரத்தோ வணிகத் தடையோ போடும்போது மீதிச் சரக்கை விற்றுத் தீர்க்க 30 நாள் அனுமதிக்கலாம் என்று 31-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு தாண்டிக் கிடக்கும் சரக்கு பறிமுதலாகும். உத்தரவில் அந்த அனுமதி இல்லை என்றால் அன்றைக்கே கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஐடி மூடியிருந்தால் விற்கவே முடியாது என்பதால், அதைத் தற்காலிகமாகத் திறக்கவோ, சரக்கை மொத்த வியாபாரிக்குக் கணக்கிலும் கருவியிலும் திருப்பி அனுப்பவோ வழி கேளுங்கள். நான் மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். அதற்குள் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் கீழடுக்கு யூரியா பாறைபோல இறுகிவிட்டது.

சரக்கைக் கைப்பற்றி, மாவட்ட ஆட்சியர் முன் பறிமுதல் நடவடிக்கை தொடங்கினால் அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 6-ஏ பிரிவு. அதற்குத் தனி நோட்டீஸ், தனிப் பதில், ஒரு மாதக் கெடுவோடு தனி மேல்முறையீடு. லைசென்ஸ் மேல்முறையீட்டிலேயே அதுவும் அடங்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

7. துறைக்குள் மேல்முறையீடு

நேரே ஹைகோர்ட் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சட்டத்தில் மேல்முறையீடு இருக்கும்போது அதைச் செய்யாமல் போனால், "முதலில் அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்புவதே வழக்கம். அந்த அலைச்சலில் கெடுவும் போய்விடும்.

கெடுக்கள் இவை. உரம்: உத்தரவின் தேதியிலிருந்து 30 நாள். பூச்சிமருந்து: முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். விதை: உத்தரவின் தேதியிலிருந்து 60 நாள். மருந்துக்கும் விதைக்கும் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஏற்க இடமுண்டு. உரத்துக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

உத்தரவின் தேதி என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். எனக்கு வந்த உத்தரவின் தேதி ஒன்று, தபால் முத்திரையின் தேதி அதற்குப் பதினொரு நாள் பின்னால், கைக்கு வந்தது இன்னும் மூன்று நாள் கழித்து. கடிதத்தைப் பிரித்தபோதே முப்பது நாளில் பாதி போயிருந்தது. கவரைக் கிழித்துப் போடாதீர்கள். முத்திரை தெரியும்படி உத்தரவோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள். தாமதத்துக்கு அதுதான் சாட்சி.

யாரிடம் மேல்முறையீடு என்பது உத்தரவின் அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், உங்களுக்குத் தெரிந்த மேல்முறையீட்டு அலுவலருக்கு மனுவைக் கொடுத்து, அதன் நகலை உத்தரவு போட்டவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மனுவில் இருக்க வேண்டியவை: எதிர்க்கும் உத்தரவின் நகல், நாள்வாரியாக நடந்தவை, எதிர்ப்புக்கான காரணங்கள், தாமதம் இருந்தால் அதற்குத் தனி மனு, மேல்முறையீடு முடியும்வரை உத்தரவை நிறுத்திவைக்கக் கேட்கும் தனி மனு, கட்டணச் சலான். கட்டணம் எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். தலைப்பு மாறினால் மனு திரும்பி வரும்.

காரணங்களை எழுதும்போது பலமானதை முதலில் வையுங்கள். என்னை விசாரிக்கவில்லை, என் பதிலில் சொன்ன எதையும் உத்தரவு பரிசீலிக்கவில்லை, ஆவண நகல் தரவில்லை, 15 நாள் கெடு தாண்டியது, தவறுக்குத் தண்டனை அளவு மீறியது. "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒற்றை வரி காரணமாகாது. காரணத்தைச் சுருக்கமாகவாவது பதிந்து நகல் தர வேண்டும் என்று 31-வது பிரிவே சொல்கிறது.

பூச்சிமருந்து மேல்முறையீட்டைச் சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது லைசென்ஸின் காலம் முடிகிறதா என்று பாருங்கள். முடிவதாக இருந்தால் புதுப்பிப்பு மனுவைக் கெடுவுக்குள் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வழக்கில் ஜெயித்தும் லைசென்ஸ் காலாவதியாகி நின்ற கடைக்காரரை எனக்குத் தெரியும்.

8. உயர் நீதிமன்றம்: ரிட் மனு

என் மேல்முறையீட்டை விசாரிக்காமலே இரண்டு வரியில் தள்ளுபடி செய்தார்கள். அதன் பிறகுதான் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்தின் உத்தரவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் கேட்கும் மனு, போட்டேன். இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்யக் கேட்பது ஒரு வகை. மேல்முறையீடு மாதக்கணக்கில் கிடப்பில் இருந்தால், இத்தனை வாரத்துக்குள் முடிக்கச் சொல்லிக் கேட்பது இன்னொரு வகை. அது செலவும் குறைவு, சீக்கிரமும் முடியும்.

மேல்முறையீடு செய்யாமல் நேரே வர முடிகிற சில நிலைகளும் உண்டு. இயற்கை நீதி (உங்கள் பக்கத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி) மீறப்பட்டது, அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டார், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டது, சட்டமே செல்லாது என்று கேட்பது ஆகியவற்றில் மாற்று வழி இருப்பது தடையாகாது என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணையே இல்லாமல் ரத்து என்றால் இதை வக்கீலிடம் கேளுங்கள். ஆனாலும் 30 நாளுக்குள் மேல்முறையீட்டையும் போட்டு வைப்பதா என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எங்கே போடுவது? மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் ஆகிய மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. மற்றவர்களுக்குச் சென்னை. டெல்டாக்காரர்கள் இதில் குழம்புவார்கள். தஞ்சாவூர் கடைக்கு மதுரை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கடைகளுக்குச் சென்னை.

ஹைகோர்ட்டில் மூட்டையை எண்ணிப் பார்க்க மாட்டார்கள். 14 மூட்டை எங்கே போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நோட்டீஸ் கொடுத்தார்களா, பதிலைப் படித்தார்களா, நேரில் விசாரித்தார்களா, உத்தரவில் காரணம் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்த்தார்கள். உத்தரவில் எழுதாத புதுக் காரணங்களை எதிர்த் தரப்பின் பதில் மனுவில் கண்டு நான் பயந்துபோனேன். உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது என்று வக்கீல் எடுத்துக் காட்டிய பிறகுதான் அன்றிரவு தூங்கினேன்.

கொண்டுபோக வேண்டியவை: எல்லா உத்தரவுகளின் மூலம், கவர்கள், முத்திரை வாங்கிய நகல்கள், ஸ்பீட் போஸ்ட் ரசீதும் ஒப்புகை அட்டையும், லைசென்ஸ், ஆதார், கடை வாடகை ஒப்பந்தம் அல்லது வரி ரசீது. தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தயாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். என் மகஜரில் இருந்த "குறைவு" என்ற சொல்லை முதலில் "திருட்டு" என்ற பொருள் வரும்படி எழுதிவிட்டார்கள்.

அந்த உத்தரவுகளுக்கு நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை கிடைத்தால் கடையைத் திறக்கலாம். பருவம் நடக்கிறது, சரக்கு கெடுகிறது, முன்பு எந்த நடவடிக்கையும் இல்லை என்ற மூன்றையும் ஆவணத்தோடு சொன்னால் நல்லது. ரிட் மனுவுக்கு நாள் கணக்கில் கெடு இல்லை என்றாலும், காரணமில்லாமல் மாதக்கணக்கில் தாமதித்தால் அதையே சொல்லித் தள்ளிவிடலாம்.

தனி நீதிபதியின் தீர்ப்பு எதிராகப் போனால் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல் உண்டு. கெடு 30 நாள்.

9. எனக்கு ஆன செலவும் காலமும்

இது என் கணக்கு மட்டும். இடத்துக்கு இடம், வக்கீலுக்கு வக்கீல் மாறும். நோட்டீஸ் பதிலுக்கும் துறை மேல்முறையீட்டுக்கும் உள்ளூர் வக்கீலுக்கு 8,000 ரூபாய். ஹைகோர்ட்டில் வக்கீல் கட்டணம், டைப்பிங், மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து 40,000. பேருந்து, ஜெராக்ஸ், தபால் என்று ஆறாயிரத்துக்கு மேல். கட்டணத்தை முன்பே பேசி, எதெல்லாம் அதில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். ஆனால் பெரிய செலவு வக்கீல் அல்ல. குடோனில் முடங்கிய முதலும், கடனில் உரம் வாங்கியவர்கள் வேறு கடைக்குப் போனதால் வராமல் நின்ற பாக்கியும்தான்.

பணம் இல்லை என்று வழக்கை விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். பெண் என்ற முறையில் எனக்கே அந்த உரிமை இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

காலம்: அக்டோபரில் நிறுத்திவைப்பு, நவம்பரில் தடை உத்தரவு, டிசம்பரில் மேல்முறையீடு, பிப்ரவரி தொடக்கத்தில் தள்ளுபடி, அதே மாதம் ரிட், மார்ச்சில் தீர்ப்பு, ஏப்ரலில் மறு விசாரணை, மே மாதம் கடை திறப்பு.

10. தீர்ப்பு வந்த பிறகு

நிறையப் பேர் நினைப்பதுபோல, தீர்ப்பு வந்ததும் லைசென்ஸ் திரும்பிவிடாது. என் வழக்கில் இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்து, என்னை நேரில் விசாரித்து நான்கு வாரத்துக்குள் புது உத்தரவு போடச் சொன்னார்கள். அதாவது திரும்பவும் அதே அலுவலகம், அதே மேஜை. இந்த முறை நோட்டு, இரண்டு விவசாயிகள், கருவியின் அறிக்கை எல்லாவற்றோடும் போனேன். விசாரணையில் நான் சொன்னதை எழுத்தாகவும் கொடுத்து முத்திரை வாங்கினேன். எச்சரிக்கையோடு தடையை நீக்கினார்கள்.

தீர்ப்பு நகல் கிடைத்த அன்றே முகப்புக் கடிதத்தோடு அலுவலகத்துக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீதிமன்றம் சொன்ன நாலு வாரம் எதிலிருந்து எண்ணப்படும் என்பது நகல் போய்ச் சேர்ந்த தேதியைப் பொறுத்தே இருக்கும். சொன்ன காலத்தில் செய்யாவிட்டால் முதலில் வக்கீல் நோட்டீஸ், அதன் பிறகு நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு.

தடை நீங்கிய உத்தரவை வைத்து பி.ஓ.எஸ். ஐடியைத் திறக்கத் தனியாக விண்ணப்பியுங்கள். எனக்கு அதற்கே ஒன்பது நாள் ஆனது. ஐடி திறந்ததும் உடனே விற்கத் தொடங்காதீர்கள். கருவி காட்டும் தொடக்க இருப்பையும் குடோன் இருப்பையும் ஆய்வாளரை வைத்தே எண்ணி, இறுகிப்போன மூட்டைகளைத் தனியாகக் காட்டி, பதிவேட்டின் புதுப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு முதல் பில்லைப் போடுங்கள். நான் அப்படித்தான் குறுவை நாற்றங்காலுக்கு வந்த முதல் ஆளை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எண்ணி முடித்து, பிறகு இரண்டு மூட்டைக்கு பில் போட்டேன்.